காந்தம்: பெயர் வேறு, விளக்கம் வேறு

"காந்தம் ஏன் இரும்பை இழுக்கிறது?" என்று ஆறாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். "அதுக்குக் காந்த சக்தி இருக்கு சார்" என்று பாதி வகுப்பு ஒரே குரலில் சொல்லும். "காந்த சக்தி என்றால் என்ன?" என்று அடுத்துக் கேளுங்கள். "இரும்பை இழுக்கிற சக்தி" என்பார்கள். இரண்டு பதில்களையும் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால், 'இழுப்பதால் இழுக்கிறது' என்பதற்கு மேல் அங்கே எதுவும் இல்லை என்பது மாணவர்களுக்கே தெரிந்துவிடும். ஒரு பெயரைச் சொன்னதும் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொள்வது குழந்தைகளின் பழக்கம் மட்டுமன்று. பெரியவர்களாகிய நமக்கும் அந்தப் பழக்கம் உண்டு.

காந்தவியல் பாடத்தைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறேன். இந்தப் பாடத்தில் மூன்று செய்திகள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று கதை: மேக்னஸ் என்ற ஆட்டிடையனின் கதை. இரண்டு சொல்: 'மேக்னட்' என்ற பெயரும் 'காந்தம்' என்ற பெயரும் வந்த வழி. மூன்று விளக்கம்: காந்தம் உண்மையில் எப்படி வேலை செய்கிறது என்பது. மூன்றுமே சுவையானவை, மூன்றையும் வகுப்பில் சொல்லலாம். ஆனால் கதையைக் கதையாகவும், சொல்லைச் சொல்லாகவும், விளக்கத்தை விளக்கமாகவும் பிரித்துக் காட்டினால்தான் மாணவரின் 'ஏன்' உயிரோடு இருக்கும். அதற்கு உதவும் செய்திகளையும் சில எளிய சோதனைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஆட்டிடையன் கதை

மேக்னஸ் என்ற இடையன் மலையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான். அவன் காலணியின் ஆணிகளும் கைத்தடியின் இரும்பு முனையும் ஒரு பாறையில் ஒட்டிக்கொண்டன. அந்தப் பாறைக்கு அவன் பெயரே வந்தது. நாம் எல்லோரும் சொல்லும் கதை இதுதான்.

இதை எழுதிவைத்தவர் கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடிப்பின்போது இறந்த ரோமானிய அறிஞர் பிளினி. 'இயற்கை வரலாறு' என்ற தம் பெருநூலில், தமக்கு முன் வாழ்ந்த நிக்காண்டர் என்ற கிரேக்கக் கவிஞர் சொன்னதாக இதைக் குறிப்பிடுகிறார். அதாவது பிளினி நேரில் கண்டதோ விசாரித்து அறிந்ததோ அன்று, கேட்ட கதை. கதை நடந்த இடமாக ஐடா மலை சொல்லப்படுகிறது. அந்தப் பெயரில் கிரீட் தீவில் ஒரு மலையும் இன்றைய துருக்கியில் ஒரு மலையும் உள்ளன. ஒரு நூலில் கிரீட் என்றும் வேறொரு நூலில் ஆசியா மைனர் என்றும் நீங்கள் படித்திருந்தால், அந்தக் குழப்பத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தக் கதையை மாணவர்களே எடைபோட்டுப் பார்க்கலாம். இயற்கைக் காந்தக்கல்லின் இழுவிசை பெரிதன்று. குண்டூசிகளையும் சிறு ஆணிகளையும் தூக்கும். நடந்து செல்லும் ஓர் ஆளின் காலைப் பிடித்து நிறுத்தாது. "காலணியில் இருந்த ஆணி எவ்வளவு பெரியது? நம் சட்டக்காந்தத்தின்மேல் நடந்தால் கால் ஒட்டுமா?" என்று கேட்டால், வாய்வழிக் கதை எப்படி வளர்கிறது என்பதை அவர்களே சொல்வார்கள். கதையை விட்டுவிட வேண்டியதில்லை. "இப்படி ஒரு கதை உண்டு" என்று தொடங்கினால் போதும்.

மக்னீசியா என்னும் நிலப்பகுதி

பெயருக்கு வலுவான சான்று கதையில் இல்லை, இடத்தில் இருக்கிறது. பிளினிக்குச் சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த லுக்ரீஷியஸ் என்ற ரோமானியக் கவிஞர், மக்னீசியர்களின் நாட்டிலிருந்து கிடைப்பதால் கிரேக்கர்கள் இக்கல்லுக்கு அந்தப் பெயரைச் சூட்டினர் என்று நேரடியாகவே எழுதியிருக்கிறார். அவருக்கும் முன்னால், கி.மு. 4ஆம் நூற்றாண்டில், பிளேட்டோவின் 'அயோன்' என்ற உரையாடலில் சாக்ரடீஸ் இந்தக் கல்லைப் பற்றிப் பேசுகிறார். யூரிப்பிடிஸ் என்ற நாடக ஆசிரியர் இதை 'மக்னீசியக் கல்' என்று அழைத்ததாகவும், மற்றவர்கள் 'ஹெராக்ளியாக் கல்' என்று அழைப்பதாகவும் சொல்கிறார். ஹெராக்ளியாவும் ஊர்ப்பெயர்தான். நாம் சேலத்து மாம்பழம், மதுரை மல்லி என்பதைப் போல, பொருளுக்கு அது கிடைத்த ஊரின் பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்த மக்னீசியா எது? கிரீஸ் நாட்டின் தெசலிப் பகுதியில் மக்னீசியா என்ற நிலப்பகுதி உண்டு. ஆசியா மைனரிலும் மக்னீசியா என்ற பெயரில் நகரங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று துருக்கியில் இன்று மனிசா என்ற பெயரில் இருக்கிறது. காந்தக்கல்லின் பெயருக்கு உரியது எது என்பதில் அறிஞர்கள் இரு பக்கமும் வாதிட்டிருக்கிறார்கள். வரைபடத்தில் ஏஜியன் கடலின் இரு கரைகளையும் காட்டினால், சமூக அறிவியல் பாடத்துக்கும் ஓர் இணைப்புக் கிடைக்கும்.

மெக்னீசியத்தில் காந்தம் ஒட்டுமா?

மெக்னீசிய நாடாவை எரித்துக் காட்டும் வகுப்பில் ஒரு முறை ஒரு மாணவி கேட்டாள்: "சார், பேர்லயே மேக்னட் இருக்கே, இதுல காந்தம் ஒட்டுமா?" மிக நல்ல கேள்வி. பெயரை நம்பி ஒரு முடிவுக்கு வந்து, அதைச் சோதிக்கவும் விரும்பிய கேள்வி. காந்தத்தைக் கொண்டுவந்து நாடாவின் அருகில் வைக்கச் சொன்னேன். ஒட்டவில்லை.

காரணம் மீண்டும் அந்த ஊர்தான். மக்னீசியாவின் பெயரைத் தாங்கிய கனிமங்கள் பல. வெண்ணிறப் பொருள் ஒன்று 'வெள்ளை மக்னீசியா' எனப்பட்டது. கறுப்புக் கனிமம் ஒன்று 'கறுப்பு மக்னீசியா' எனப்பட்டது. வெள்ளை மக்னீசியாவோடு தொடர்புடைய தனிமத்தை 1808இல் ஹம்ப்ரி டேவி பிரித்தார், அது மெக்னீசியம். கறுப்பிலிருந்து 1774இல் யோகன் காட்லிப் கான் பிரித்தது மாங்கனீசு. வயிற்று எரிச்சலுக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் 'மில்க் ஆஃப் மக்னீசியா'வும் இதே பெயர்வழிதான். மேக்னட், மெக்னீசியம், மாங்கனீசு மூன்றும் ஒரே ஊர்க்காரர்கள். ஆனால் ஒரே குணத்தவர் அல்லர். மெக்னீசியமும் மாங்கனீசும் அறைவெப்பநிலையில் நம் சட்டக்காந்தத்தில் ஒட்டுவதில்லை. பெயரை வைத்துப் பண்பைச் சொல்லிவிட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு நம் பாடநூல்களில் குறைவு.

நம் சொல்: காந்தம்

'காந்த' என்ற வடசொல்லுக்கு விரும்பப்படுவது, அன்புக்குரியது என்று பொருள். 'அயஸ்' என்றால் இரும்பு. 'அயஸ்காந்தம்' என்றால் இரும்புக்குப் பிரியமானது. தமிழில் அது அயக்காந்தம் என்றும், சுருக்கமாகக் காந்தம் என்றும் வழங்குகிறது. சூரியகாந்தக் கல், சந்திரகாந்தக் கல் என்ற பெயர்களிலும் இதே 'காந்தம்' இருக்கிறது. கிரேக்கர்கள் கல் கிடைத்த இடத்தைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள்; இந்த நாட்டில் அது செய்யும் வேலையைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள்.

அன்பு என்ற எண்ணம் நமக்கு மட்டும் உரியதன்று. சீன மொழியில் காந்தக்கல்லின் பழைய பெயருக்கு 'அன்புள்ள கல்' என்று பொருள். தாய் பிள்ளையை அணைப்பதைப் போல இரும்பை அணைக்கிறது என்று விளக்கம் சொன்னார்கள். பிரெஞ்சு மொழியில் காந்தத்தை 'எமான்' என்கிறார்கள். கேட்பவர்களுக்கு 'அன்பு செலுத்துவது' என்று தோன்றும். ஆனால் அதன் வேர், மிகக் கடினமான பொருளைக் குறிக்கும் 'அடமாஸ்' என்ற பழஞ்சொல். ஆங்கிலத்தில் இயற்கைக் காந்தக்கல்லுக்கு 'லோட்ஸ்டோன்' என்ற பெயர் உண்டு. 'லோட்' என்றால் அம்மொழியின் பழைய வழக்கில் வழி. மாலுமிகளுக்கு வழிகாட்டிய கல் என்பது பொருள்.

காந்தம் நம் நூல்களுக்கும் புதியதன்று. உடலில் தைத்த இரும்பு முனையை எடுக்கும் வழிகளில் ஒன்றாகச் சுஸ்ருத சம்ஹிதை காந்தத்தைச் சொல்கிறது. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மெய்கண்டாரின் சிவஞானபோதம், தன் ஐந்தாம் சூத்திரத்தில் காந்தத்தின் முன் இரும்பு இயங்குவதை உவமையாக எடுத்தாள்கிறது. அங்கே இரும்பைக் குறிக்க வரும் சொல் 'பசாசம்'. உங்கள் பள்ளித் தமிழாசிரியரிடம் இதைக் கேட்டு வரும்படி மாணவர்களை அனுப்பலாம். அறிவியலும் தமிழும் சந்திக்கும் நல்ல இடம் இது.

ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். "இரும்பின்மேல் அன்பு இருப்பதால் இழுக்கிறது" என்பதும் "காந்த சக்தி இருப்பதால் இழுக்கிறது" என்பதும் ஒரே வகைப் பதில்கள்தாம். காந்தக்கல் இரும்பை அசைப்பதால் அதற்கு உயிர் இருக்கிறது என்று கி.மு. 6ஆம் நூற்றாண்டுக் கிரேக்கரான தேலிஸ் கருதியதாக அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். உயிர், அன்பு, சக்தி: மூன்றும் வியப்புக்கு வைத்த பெயர்கள்.

பூண்டு தேய்த்தால் காந்தம் கெடுமா?

பெயரிலிருந்து விளக்கத்துக்குப் போகும் பாதையில் ஒரு திருப்பம் உண்டு. அதற்குச் சோதனை என்று பெயர். காந்தத்தில் பூண்டைத் தேய்த்தால் அதன் ஆற்றல் போய்விடும் என்று ஐரோப்பாவில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நம்பிவந்தார்கள். புளூட்டார்க் போன்ற பெரிய அறிஞர்களே அப்படி எழுதியிருந்தார்கள். பூண்டும் காந்தமும் எல்லாக் காலத்திலும் கிடைத்தவைதாம். ஆனாலும் தேய்த்துப் பார்த்துச் சொன்னவர்கள் மிகச் சிலர்.

1600ஆம் ஆண்டில் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் கில்பர்ட் 'காந்தத்தைப் பற்றி' என்ற நூலை இலத்தீனில் வெளியிட்டார். பூண்டுக் கதையை அவர் மறுத்தார். வைரத்தில் தேய்த்த இரும்பு வடக்கு நோக்கும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. 75 வைரங்களைக் கொண்டு, சாட்சிகளை வைத்துக்கொண்டு சோதித்து, அதுவும் பொய் என்று காட்டினார். காந்தக்கல்லை உருண்டையாகக் கடைந்து, அதன்மேல் சிறு ஊசிகளை வைத்துப் பார்த்தார். பூமியின் வெவ்வேறு இடங்களில் திசைகாட்டி ஊசி நடந்துகொள்வதைப் போலவே அந்தச் சிறு ஊசிகளும் நடந்துகொண்டன. பூமியே ஒரு பெரிய காந்தம் என்ற முடிவுக்கு வந்தார்.

பூண்டுச் சோதனையை நாம் வகுப்பில் செய்யலாம். ஒரு காந்தம் எத்தனை குண்டூசிகளைத் தூக்குகிறது என்று எண்ணி எழுதச் சொல்லுங்கள். சத்துணவுக்கூடத்தில் இரண்டு பல் பூண்டு வாங்கி நன்றாகத் தேய்த்து, துடைத்துவிட்டு மீண்டும் எண்ணச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போதும். பெரிய அறிஞர்கள் எழுதிவைத்ததை ஆறாம் வகுப்பு மாணவர் சோதித்துச் சரிபார்த்துவிட முடியும் என்பது, காந்தத்தைவிடப் பெரிய பாடம்.

அப்படியானால் காந்தம் என்பது என்ன?

உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளுக்கு உரிய விளக்கம் இது. எலக்ட்ரானுக்கு நிறை உண்டு, மின்னூட்டம் உண்டு. அவற்றைப் போலவே அது இயல்பாக ஒரு நுண்காந்தமாகவும் இருக்கிறது. பெரும்பாலான பொருள்களில் எலக்ட்ரான்கள் இணை இணையாக, ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் அமைந்து, காந்தத் தன்மையை ஈடுசெய்துகொள்கின்றன. மெக்னீசிய அணுவின் 12 எலக்ட்ரான்களும் இப்படி இணைசேர்ந்தவை. இரும்பு அணுவில் உள்ள 26 எலக்ட்ரான்களில் 4 இணைசேராமல் நிற்கின்றன.

இணைசேராத எலக்ட்ரான் இருந்தால் மட்டும் போதாது. மாங்கனீசு அணுவில் அவை 5. இரும்பைவிட ஒன்று கூடுதல். ஆனால் மாங்கனீசு உலோகத்தில் பக்கத்துப் பக்கத்து அணுக்கள் ஒரே திசையில் அணிவகுப்பதில்லை. இரும்பு, நிக்கல், கோபால்ட் ஆகியவற்றில் அணிவகுக்கின்றன. ஆக, காந்தம் என்பது ஒரு பொருளுக்குள் இருக்கும் தனிச் சரக்கன்று. கோடிக்கணக்கான நுண்காந்தங்கள் ஒரே திசையில் நிற்கும் ஓர் ஒழுங்கு.

எல்லா இரும்பும் ஏன் காந்தமாக இல்லை? இதற்கு விடையாக அமைந்த கருத்தை 1907இல் பியர் வெய்ஸ் என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் முன்வைத்தார். இரும்புக்குள் 'டொமைன்' எனப்படும் மிகச் சிறு பகுதிகள் உள்ளன. ஒரு டொமைனுக்குள் எல்லா அணுக்களும் ஒரே திசை நோக்கும். ஆனால் டொமைனுக்கு டொமைன் திசை மாறும். காலை வழிபாட்டுக் கூட்டம் தொடங்கும் முன் நம் மைதானத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆங்காங்கே குழுக்கள், ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு பக்கம் பார்த்து நிற்கிறது. மொத்தத்தில் எந்தத் திசையும் இல்லை. சாதாரண இரும்பு அந்த நிலை. வலிய காந்தம் ஒன்றை அருகில் கொண்டுவந்தால், அதன் திசைக்கு ஒத்த டொமைன்கள் விரிகின்றன, மற்றவை சுருங்குகின்றன, சில திரும்புகின்றன. மணி அடித்ததும் எல்லோரும் கொடிமரத்தை நோக்குவதைப் போல.

இப்போது தொடக்கக் கேள்விக்கு வருவோம். காந்தத்தை ஆணியின் அருகே கொண்டுபோனால், அது முதலில் அந்த ஆணியையே ஒரு காந்தமாக்குகிறது. ஆணியின் அருகிலுள்ள முனை எதிர்த் துருவமாகிறது. எதிர்த் துருவங்கள் ஈர்க்கின்றன. அந்த ஆணி அடுத்த ஆணியைக் காந்தமாக்கும், அது அதற்கடுத்ததை. குண்டூசிச் சங்கிலி தொங்குவது இதனால்தான். இந்தக் கல் இரும்பு வளையங்களை ஈர்ப்பதோடு, பிற வளையங்களை ஈர்க்கும் ஆற்றலையும் அவற்றுக்குத் தருகிறது என்று பிளேட்டோவின் உரையாடலில் சாக்ரடீஸ் சொல்வதும் இதே காட்சிதான். 2400 ஆண்டுகளுக்கு முன் பார்த்த அதே நிகழ்ச்சிக்கு இப்போது நம்மிடம் விளக்கமும் இருக்கிறது.

மெல்லிரும்பில் இந்த ஒழுங்கு எளிதில் வரும், எளிதில் போகும். எஃகில் வருவது கடினம், வந்தால் நிலைக்கும். மிகுந்த வெப்பம் ஒழுங்கைக் குலைத்துவிடும். இரும்புக்கு அந்த எல்லை 770 டிகிரி செல்சியஸ். 'பூமிக்குள் ஒரு பெரிய சட்டக்காந்தம்' என்ற படத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். பூமியின் கருவம் இந்த எல்லையைவிடப் பல மடங்கு சூடானது. அங்கே உருகிய இரும்பின் ஓட்டத்தால் உண்டாகும் மின்னோட்டங்களே பூமியின் காந்தப்புலத்தைத் தருகின்றன. மின்னோட்டம் காந்த விளைவை உண்டாக்கும் என்பதை 1820இல் ஆர்ஸ்டெட் காட்டியதை நாம் மேல்வகுப்பில் சொல்கிறோம். அதோடு இதை இணைத்துவிடலாம்.

இயற்கைக் காந்தக்கல் என்பது மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடு. சேலத்துக்கு அருகிலுள்ள கஞ்சமலையில் மேக்னடைட் கலந்த இரும்புத்தாது உண்டு. மேக்னடைட்டைக் காந்தம் இழுக்கும். ஆனால் பெரும்பாலான மேக்னடைட் கற்கள் தாமாகக் குண்டூசியை இழுப்பதில்லை. மின்னல் தாக்கும்போது பாயும் பெரும் மின்னோட்டம் சில கற்களைக் காந்தமாக்கியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகின்றனர்.

வகுப்பறைச் சோதனைகள்

முதலாவது, 'ஒட்டுமா, ஒட்டாதா?' தொடக்க வகுப்புகளுக்கு உரியது. பொருளைத் தொடும் முன் ஊகத்தை எழுத வேண்டும். பிறகு சோதித்து எழுத வேண்டும். இன்று புழங்கும் ஒரு ரூபாய் நாணயம் ஒட்டும். மஞ்சள் நிற ஐந்து ரூபாய் நாணயம் ஒட்டாது. எவர்சில்வர் டம்ளர்களைக் கட்டாயம் சேருங்கள். சில ஒட்டும், பல ஒட்டாது. எல்லா எவர்சில்வரிலும் பெரும்பகுதி இரும்புதான். இரும்பு இருந்தாலும் அணுக்களின் அமைப்பு மாறினால் காந்தத்தில் ஒட்டாது என்பதை ஒரு டம்ளர் காட்டிவிடும்.

இரண்டாவது, இரும்புத்தூள் காந்தம். இதைத்தான் நான் எட்டாம் வகுப்பில் தவறாமல் செய்கிறேன். ஒரு சிறு சோதனைக்குழாயில் முக்கால் பங்கு இரும்புத்தூள் நிரப்பி, தக்கையால் மூடுங்கள். திசைகாட்டியின் அருகில் அதன் ஒரு முனையைக் கொண்டுபோங்கள். பிறகு திருப்பி மறுமுனையைக் கொண்டுபோங்கள். இரண்டு முனைகளும் ஊசியின் ஒரே முனையை இழுக்கும். இப்போது வலிய காந்தத்தால் குழாயை ஒரே திசையில் 30, 40 முறை மெதுவாகத் தேய்த்துவிட்டு, குலுக்காமல் மீண்டும் சோதியுங்கள். ஒரு முனை ஈர்க்கும், மறுமுனை விலக்கும். குழாயை நன்றாகக் குலுக்குங்கள், காந்தம் போய்விடும். தூள் அதே தூள், எடையும் அதே எடை. மாறியது அடுக்கு மட்டுமே. காந்தம் என்பது ஒழுங்கு என்பதற்கு இதைவிட எளிய காட்சி எனக்குத் தெரியாது. இரும்புத்தூள் லேத் பட்டறையில் கேட்டால் கிடைக்கும்.

மூன்றாவது, வெட்டிய ஊசி. தையல் ஊசியைக் காந்தமாக்கி, ஆசிரியரே துணியால் மூடிக்கொண்டு கட்டிங் பிளேயரால் இரண்டாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் இரு துருவங்கள் இருக்கும். 1269இல் பீட்டர் பெரிகிரினஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் ஒரு கடிதத்தில் இதை விவரித்திருக்கிறார். காந்தத்தின் துருவங்களைக் கண்டறியும் முறையும் அதே கடிதத்தில் இருக்கிறது.

நான்காவது, சூடேற்றிய ஊசி. காந்தமான ஊசியை இடுக்கியில் பிடித்து, செந்நிறம் ஆகும்வரை தீயில் காட்டி, கிழக்கு மேற்காக வைத்து ஆறவிடுங்கள். காந்தம் போய்விட்டிருக்கும். ஏன் கிழக்கு மேற்கு? வடக்கு தெற்காக வைத்தால் ஆறும்போது பூமியின் புலத்தால் சிறிது காந்தம் ஏறிவிடலாம். பழுக்கக் காய்ச்சிய இரும்பை வடக்கு தெற்காக வைத்து அடித்துக் காந்தமாக்கும் கொல்லரின் படம் கில்பர்ட்டின் நூலிலேயே இருக்கிறது. இந்தச் சோதனையை ஆசிரியர் மட்டுமே செய்ய வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

ஈர்ப்பு மட்டும் காந்தத்துக்குச் சான்றாகாது. சாதாரண இரும்பும் ஈர்க்கப்படும். விலக்கல்தான் உறுதியான சோதனை. இதை மாணவர்கள் செய்து கண்டபின் சொன்னால் மறக்கமாட்டார்கள்.

பள்ளிப் பெட்டியில் உள்ள சட்டக்காந்தங்களின் வண்ணத்தையும் எழுத்தையும் நம்பி வகுப்புக்குப் போக வேண்டாம். தாறுமாறாக வைக்கப்பட்ட காந்தங்கள் வலுவிழந்தும், சில வேளை துருவம் மாறியும் இருக்கும். முன்கூட்டியே திசைகாட்டியால் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வைக்கும்போது இரண்டு காந்தங்களை எதிர்த் துருவங்கள் அருகருகே இருக்குமாறு இணையாக அடுக்கி, இரு முனைகளிலும் மெல்லிரும்புத் துண்டுகளை வையுங்கள். கீழே போடுவதும் சூடாக்குவதும் காந்தத்துக்கு எதிரிகள்.

மினுங்கும் சிறு நியோடிமியக் காந்தங்கள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. தொடக்க வகுப்பில் அவற்றைக் கையில் கொடுக்காதீர்கள். குழந்தை இரண்டை விழுங்கிவிட்டால், குடலின் சுவர்களை நடுவில் வைத்து அவை ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக் குடலையே துளைத்துவிடும். அப்படி ஐயம் எழுந்தால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

கரும்பலகையில் மூன்று பத்திகள்

இந்தப் பாடத்தைத் தொடங்கும்போது கரும்பலகையை மூன்றாகப் பிரித்து, 'சொன்னார்கள்', 'பெயர் வைத்தார்கள்', 'செய்து பார்த்தோம்' என்று தலைப்பிடுகிறேன். பாடம் முழுவதும் வரும் ஒவ்வொரு செய்தியையும் எந்தப் பத்தியில் எழுதுவது என்பதை மாணவர்களே முடிவு செய்கிறார்கள். மேக்னஸ் கதை முதல் பத்திக்குப் போகும். மக்னீசியாவும் அயக்காந்தமும் இரண்டாவதற்கு. பூண்டு முதலில் முதல் பத்தியில் இருக்கும். சோதனை முடிந்ததும் ஒருவர் எழுந்துவந்து அதை அடித்துவிட்டு மூன்றாம் பத்தியில் புதிதாக எழுதுவார்.

'காந்த சக்தி' என்ற பதிலை எந்தப் பத்தியில் எழுதுவது என்று வகுப்பில் சிறு சச்சரவே வரும். சிலர் மூன்றாவது என்பார்கள். "நீங்கள் எதைச் செய்து பார்த்தீர்கள்?" என்று கேட்டால் யோசித்துவிட்டு இரண்டாவதற்கு மாற்றுவார்கள். அந்த இடத்தில் பாடம் பாதி முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். டொமைனும் எலக்ட்ரானும் மேல்வகுப்பில் வரும்போது வரட்டும். ஒரு சொல் விளக்கமா, வெறும் பெயரா என்று கேட்கப் பழகிய மாணவர், மின்சாரம், ஈர்ப்பு விசை, ஆற்றல் என்று அடுத்து வரும் ஒவ்வொரு சொல்லிடமும் அதே கேள்வியைக் கேட்பார்.